பழைய ஸ்காட்டிஷ் கில்ட்டை அன்றாடம் உடுத்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

எடின்பரோவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கில்ட் (இடுப்பைச் சுற்றி முழங்கால் வரை வரும், மடிப்பு வைத்த கம்பளி ஆடை) அணிந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலோர் கல்யாணத்துக்குப் போகிறவர்களாகவோ மரேஃபீல்டில் ரக்பி பார்க்கப் போகிறவர்களாகவோ இருப்பார்கள். காய்கறி வாங்கவும் அலுவலகத்துக்குப் போகவும் கில்ட் போடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் மலையில் மாடு மேய்க்கவும், மழையில் மைல் கணக்கில் நடக்கவும், இரவில் போர்த்திக்கொண்டு தூங்கவும் உதவிய உடை இது.

இது அன்றாட வாழ்க்கையிலிருந்து தானாக விலகிவிடவில்லை. 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில் யாக்கோபியர்கள் (ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றப் போராடியவர்கள்) தோற்ற பிறகு, ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் இந்த உடையை அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் 7 ஆண்டு நாடுகடத்தல். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782ல் சட்டம் நீங்கியபோது ஒரு தலைமுறையே கில்ட் இல்லாமல் வளர்ந்திருந்தது. அப்புறம் 1822ல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய வரவேற்பில் அது விழாக்கோலம் பூண்டு திரும்பியது. அந்தக் கோலம் இன்னும் கலையவில்லை. அதைக் களைந்துவிட்டு வெறும் உடையாக அணியலாம் என்பதுதான் என் கட்சி.

படி 1: எந்தக் கில்ட் என்று முடிவு செய்யுங்கள்

பழைய வடிவங்கள் மூன்று. முதலாவது பெரிய கில்ட், கேலிக் மொழியில் ஃபேலா மோர். தைக்காத நீளத் துணியை மடித்து பெல்ட்டால் இறுக்கிக் கட்டுவது. 1594ல் அயர்லாந்தில் போரிடப் போன ஹெப்ரிடீஸ் தீவுப் படையினரைப் பற்றிய வர்ணனையிலேயே இது வந்துவிடுகிறது. இரண்டாவது சின்ன கில்ட், ஃபேலா பெக். பெரிய கில்ட்டின் மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும் கட்டுவது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. மூன்றாவது, 1790களில் வந்த, மடிப்புகளைத் தைத்து நிறுத்திய கில்ட். சுமார் 4 கஜம் துணி, அகலமான பாக்ஸ் பிளீட் (இரண்டு ஓரமும் உள்பக்கம் மடிந்த தட்டையான பெட்டி மடிப்பு).

இன்று கடைகளில் தொங்குவது இந்த மூன்றும் இல்லை. 8 கஜத் துணியில் நெருக்கமான நைஃப் பிளீட் (எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும் மடிப்பு) வைத்தது அது. 1853ல் கார்டன் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவு நைஃப் பிளீட்டுக்கு மாறியது. அப்புறம் மெல்ல மெல்ல அதுவே வழக்கமாகிவிட்டது. மேடையில் அது கம்பீரம்தான். பேருந்தில் உட்கார்ந்து பயணம் செய்ய 8 கஜம் கம்பளி அதிகம்.

தினசரிக்கு நான் சொல்வது 4 கஜ பாக்ஸ் பிளீட் கில்ட். எடை குறைவு, பின்பக்கம் தட்டையாக இருக்கும், உட்கார வசதி. ஆனால் அதைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் பெரிய கில்ட்டை வீட்டில் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். மடிப்பு ஏன் பின்னால் இருக்கிறது, முன்பக்கம் ஏன் தட்டையாக இருக்கிறது என்பதெல்லாம் கை வழியாகப் புரிந்துவிடும்.

படி 2: பெரிய கில்ட்டைக் கட்டிப் பார்ப்பது

தேவை: 4 கஜம் நீளம், சுமார் 56 அங்குலம் அகலமுள்ள கட்டம்போட்ட கம்பளித் துணி, அகலமான தோல் பெல்ட், ஒரு கெட்டியான ஊசி அல்லது ப்ரோச். அந்தக் காலத் தறியின் அகலம் இதில் பாதிதான். அதனால் இரண்டு துண்டுகளை நீளவாக்கில் ஒட்டுத் தைத்துக்கொண்டார்கள்.

பெல்ட்டைத் தரையில் நீட்டி வைத்து, அதன் மேல் துணியை விரியுங்கள். பெல்ட்டிலிருந்து துணியின் கீழ் விளிம்பு வரை உங்கள் இடுப்பிலிருந்து முழங்கால் நடு வரை உள்ள நீளம் இருக்க வேண்டும். நடுத்தர உயரம் என்றால் சுமார் 24 அங்குலம். மீதி 32 அங்குலம் பெல்ட்டுக்கு மேலே கிடக்கட்டும்.

இனி மடிப்பு. இரண்டு ஓரத்திலும் 20 அங்குலம் மடிக்காமல் விட்டுவிடுங்கள். 4 கஜம் என்பது 144 அங்குலம், அதில் 40 போனால் 104 மிச்சம். துணியில் கட்டம் 6 அங்குலத்துக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோட்டைப் பிடித்து, அடுத்த கட்டத்தில் அதே கோடு வரும் இடத்தை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, 1 அங்குலம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடியுங்கள். புடவைக் கொசுவம் வைத்துப் பழகிய கைக்கு இது நிமிஷ வேலை. ஒரு மடிப்புக்குக் கட்டத்தின் 6 அங்குலமும் வெளியே தெரியும் 1 அங்குலமும் சேர்ந்து 7 அங்குலம் போகும், அதனால் சுமார் 15 மடிப்பு வரும், 15 அங்குலத்தில் அடங்கும். 36 அங்குல இடுப்புக்காரருக்குப் பின்பக்கத்தின் பெரும்பகுதியை மூட அது போதும். மடித்து முடித்ததும் கட்டங்கள் முறியாமல் தொடர்வது கண்ணுக்குத் தெரியும். நெய்தவர் போட்ட கோலம் மடிப்புக்குப் பிறகும் அப்படியே நிற்பது எனக்கு இந்த உடையிலேயே மிகப் பிடித்த விஷயம்.

கீழ் விளிம்பு முழங்கால் நடுவில் வருமாறு மடிப்பின் மேல் மல்லாந்து படுங்கள். வலது ஓரத்தை முதலில் வயிற்றின் மேல் போடுங்கள், அதன் மேல் இடது ஓரம். பெல்ட்டை இறுக்கி மாட்டி எழுந்து நில்லுங்கள். மேல்பாதி பெல்ட்டின் மேல் வழிந்து பாவாடை போல் தொங்கும். முன்னால் உள்ள இரண்டு முனைகளையும் இடுப்பில் செருகினால் இரண்டு பக்கமும் பெரிய பைகள் கிடைக்கும். பின்பக்கத் துணியைத் தூக்கி இடது தோளில் ஊசி குத்துங்கள். மழை வந்தால் அதையே அவிழ்த்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளலாம்.

படுத்துக் கட்டுவது கடினமாக இருந்தால், இடுப்பு வரும் இடத்தில் துணியின் உட்புறம் சின்னச் சின்ன வளையங்கள் தைத்து ஒரு கயிற்றைக் கோத்துவிடுங்கள். கயிற்றை இழுத்தால் மடிப்பு தானாகக் கூடும், நின்றபடியே கட்டலாம்.

மேல்துணி எப்படி விழ வேண்டும் என்று சந்தேகம் வந்தால், ஜான் மைக்கேல் ரைட் சுமார் 1683ல் வரைந்த லார்ட் முங்கோ மரேயின் ஓவியத்தைப் பாருங்கள். எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய உருவப்பட ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இடுப்பில் துணி எவ்வளவு தடிமனாகத் திரண்டு நிற்கிறது என்று கவனியுங்கள். உங்களுக்கும் அப்படித்தான் திரளும், அது பிழை இல்லை.

மலை நடை, கூடாரம் போட்டுத் தங்குவது, பூங்காவில் சாப்பாடு என்றால் பெரிய கில்ட்டில் தாராளமாகப் போகலாம். அலுவலக நாற்காலிக்கு இது ஒத்துவராது.

படி 3: அளவெடுத்துத் தைக்கக் கொடுப்பது

ஜீன்ஸ் அளவைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஜீன்ஸ் இடுப்பெலும்பில் நிற்கும், கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும். அங்கே நாடாவைச் சுற்றி அளவெடுங்கள், பலருக்கும் சில அங்குலம் கூடுதலாக வரும். அடுத்து பின்புறத்தின் அகலமான இடம். அப்புறம் தொப்புள் உயரத்திலிருந்து முழங்கால் நடு வரை நீளம். தைத்து வந்ததும் நிமிர்ந்து மண்டியிட்டுப் பாருங்கள். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் நீளம் சரி.

துணி கஜத்துக்கு 13 முதல் 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியாக இருக்கட்டும். மெல்லிய துணி முதல் காற்றிலேயே தூக்கிக்கொள்ளும்.

டார்ட்டன் (கில்ட் துணியின் வண்ணக் கட்ட வடிவம்) விஷயத்தில் நம்மவர்களுக்குத் தயக்கம் வரும்: நாம் அணியலாமா? தாராளமாக அணியலாம். குலப் பெயர் கொண்ட டார்ட்டனை அந்தக் குலத்தோடு தொடர்புள்ளவர்கள் அணிவது மரபு, சட்டம் இல்லை. பிளாக் வாட்ச், ஹண்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா போன்றவை எல்லோருக்கும் பொதுவானவை. அரச குடும்பத்துக்கான பால்மோரல் டார்ட்டனை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்தில் வாழும் சீக்கியர்கள், இஸ்லாமியர்கள் பெயரிலும் டார்ட்டன்கள் இருக்கின்றன. கட்டமே வேண்டாம் என்றால் ஒற்றை நிற ட்வீடில் தைத்துக்கொள்ளலாம், அலுவலகத்துக்கு அதுவே பாந்தம்.

படி 4: அணிவது

மடிப்பு பின்னால். வலது பக்கத் துண்டு முதலில், அதன் வார் இடது இடுப்பில் உள்ள துளை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். அதன் மேல் இடது பக்கத் துண்டு, வலது இடுப்பில் மாட்டும். கில்ட் ஊசியை மேல் துண்டில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும்.

கில்ட்டில் பை கிடையாது. அதற்குத்தான் ஸ்போரன், அதாவது இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் பை. ரோமம் வைத்தது வேண்டாம், சாதாரண தோல் ஸ்போரன் போதும். பெல்ட் பக்கிளுக்கு நான்கு விரல் கீழே தொங்கட்டும். காரில் ஏறும்போது பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

மேலே கம்பளி ஸ்வெட்டர், டி-ஷர்ட், ட்வீட் கோட்டு எதுவும் சரி. காலில் பூட்ஸ், கெட்டியான கம்பளிக் காலுறை. முழு நீளக் காலுறை என்றால் முழங்காலுக்கு மூன்று விரல் கீழே மடித்துவிடுங்கள். பிரின்ஸ் சார்லி கோட்டு, போ டை, வெள்ளைக் காலுறை எல்லாம் கல்யாணத்துக்கு. காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ கத்தியும் வேண்டாம். தேசிய உடையின் பகுதியாக அணிவதைச் சட்டம் ஏற்கிறது, இருந்தாலும் கடைத்தெருவுக்கும் பப்புக்கும் கத்தி எதற்கு? விமானத்தில் கைப்பையில் வைக்கவே முடியாது.

உள்ளாடை? போடுங்கள். கம்பளி உறுத்தும், காற்றும் அடிக்கும்.

படி 5: உட்காருவது, நடப்பது

உட்காரும்போது இரண்டு கையாலும் பின்மடிப்பைக் கீழ்நோக்கி வருடியபடியே உட்காருங்கள். மடிப்பு கசங்காது, வெறும் தொடை நாற்காலியில் படாது. முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள், அல்லது முன்துணியை இரண்டு காலுக்கும் நடுவே இறக்கிவிடுங்கள். மாடிப்படியில் ஒரு கை பின்னால் இருக்கட்டும். கோடையில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸ் பக்கம் போனால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு முழங்காலைத்தான் தேடி வரும், பூச்சிவிரட்டி தடவாமல் கிளம்பாதீர்கள்.

படி 6: பராமரிப்பு

துவைக்கும் இயந்திரத்தில் போட வேண்டாம். அணிந்த அன்றிரவு பிரஷ்ஷால் தட்டி, இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். சேறு பட்டால் காயவிட்டுத் தட்டுங்கள், ஈரத்தில் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். மடிப்பு தளர்ந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். கோடையில் உள்ளே வைப்பதாக இருந்தால் நன்றாகச் சுத்தம் செய்து, அந்துப்பூச்சி புகாத பையில் போட்டு, கூடவே ஒரு தேவதாருக் கட்டையை வைத்துவிடுங்கள்.