"பேக்கப் பக்கா சார்" என்று சொல்வதற்கு முன்

போன மாதம், புதிதாக சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்த ஒரு தம்பியின் சர்வரைப் பார்க்கப் போயிருந்தேன். "பேக்கப் எல்லாம் பக்கா சார்" என்று சர்வரின் பின்பக்கம் செருகியிருந்த யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைக் காட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018-இல் நானும் அப்படித்தான் ஒரு முதலாளியிடம் பெருமையாகக் காட்டினேன்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதையெல்லாம் வங்கி எஸ்எம்எஸ்ஸே சொல்லிவிடுகிறது. அதை விட்டுவிடுகிறேன். சின்ன அலுவலகங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நாம் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஆர்டிபியை இணையத்துக்குத் திறந்துவிடுவது

வீட்டிலிருந்தே டேலி கணக்கு பார்க்க வேண்டும் என்பார் முதலாளி. நாமும், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ஆர்டிபிக்காக, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வாசலை, திறந்துவிடுவோம். இணையத்தை நாள் முழுக்கத் துழாவிக்கொண்டிருக்கும் பாட் எனும் தானியங்கி நிரல்களுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கும். இதுதான் புரூட் ஃபோர்ஸ். போர்ட் எண்ணை 3390 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. ஸ்கேன் செய்கிறவனுக்கு அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. அனுமதி உள்ளவர் மட்டும் நுழையும் தனிப்பாதையான விபிஎன் போடுங்கள்.

ஓடிபி இருக்கிறதே என்ற மெத்தனம்

இப்போதைய ஃபிஷிங், அதாவது போலிப் பக்கங்கள் உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் தரகர் மாதிரி நிற்கின்றன. நீங்கள் அடிக்கும் ஓடிபியை அந்த நொடியே அங்கே கொடுத்து, நீங்கள் உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாகத் தளம் தரும் செஷன் குக்கியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனிலோ கணினியிலோ இருக்கும் சாவியான பாஸ்கீ, தளத்தின் டொமைன் பெயரோடு பிணைந்தது என்பதால் இந்தத் தரகு வேலை அதனிடம் பலிக்காது.

எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்

பயனர் அடித்ததை, டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையான குவெரியில் அப்படியே ஒட்டாதீர்கள். அவர் அடிப்பதே கட்டளையாகிவிடும். எத்தனை வருடம்தான் சொல்வது!

பேக்கப்பைச் செருகியே வைப்பது

2018-இல் நான் பெருமையாகக் காட்டியது ஒரு நூல் வியாபாரியின் அலுவலகத்தில். திங்கட்கிழமை காலை கணக்காளர் கூப்பிட்டார்: "தம்பி, டேலி திறக்கல. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னமோ ஒட்டியிருக்கு." போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் பிட்காயின் கேட்டு ஒரு கடிதம். பதறாமல், செருகியே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கான ஈ டிரைவைத் திறந்தேன். அதில் இருந்த பேக்கப்புக்கும் அதே வால்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதுதான் ரான்சம்வேர். எது அசல், எது நகல் என்று அதற்குக் கவலையில்லை. எழுத அனுமதி உள்ள ஒவ்வொரு டிரைவுக்குள்ளும், ஷேர்டு ஃபோல்டருக்குள்ளும் நுழையும். பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் வைத்திருக்கும் ஷேடோ காப்பிகளை ஒரே கட்டளையில் அழித்துவிடும். பெரும்பாலும் ஃபைல்களை ஏஇஎஸ் என்ற முறையின் சாவியால் பூட்டி, அந்தச் சாவியை ஆர்எஸ்ஏ-வின் பொதுச்சாவியால் பூட்டும். ஆர்எஸ்ஏ-வில் பூட்ட ஒரு சாவி, திறக்க வேறு சாவி. திறக்க வேண்டிய தனிச்சாவி அவர்களிடம் மட்டும். உடைத்துத் தருகிறேன் என்று வந்த ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். பெரிய கும்பல்கள் பல நாள் உள்ளேயே பதுங்கியிருந்து பேக்கப்பைத்தான் முதலில் தேடுகின்றன. பேக்கப் இருப்பவன் பணம் கட்ட மாட்டானே.

கடைசியில் மேசை டிராயரில் ஏழு மாதப் பழைய டிஸ்க் ஒன்று கிடைத்தது. மீதி பில்களைக் காகிதம் பார்த்து மூன்று பேர் திரும்ப ஏற்றினார்கள். ஜிஎஸ்டி தேதி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

"எங்களுடையது தானாகவே இன்னொரு சர்வருக்கு சிங்க் ஆகிறது" என்பார்கள். மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்திலும் யார் உள்ளே நுழையலாம் என்று சரிபார்க்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டுதான் இருந்தன. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் எம்.இ.டாக் கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீங்கு நிரல், அத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டது. பணம் கட்டினாலும் மீளாத ரகம் அது. தப்பியது கானாவில் இருந்த ஒன்றே ஒன்று. காரணம், அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை! கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லாததால், ஒருவர் நைஜீரியா விமான நிலையம் வரை டிஸ்க்கைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுக்க, அது மீட்பு வேலை நடந்த லண்டன் பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கணினிகளுக்குப் புதிதாக எல்லாம் ஏற்றினார்கள்.

கரண்ட் கட்டை நம்ப முடியாது. இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பேக்கப்புக்குத் தனி அக்கவுண்ட் வையுங்கள், அட்மின் பாஸ்வேர்டு அங்கே செல்லுபடியாகக் கூடாது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை மீட்டுப் பாருங்கள்.

பேட்ச்சைத் தள்ளிப்போடுவது

வானாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தது 2017 மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அதாவது பேட்ச்சை, மைக்ரோசாஃப்ட் கொடுத்தது அதே வருடம் மார்ச் 14.

டிடாஸ் பயம்

பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து சர்வரைத் திணறடிப்பதுதான் டிடாஸ். உங்கள் டேலி சர்வருக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

தம்பியிடம் டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். "அப்போ தினமும் யார் சார் செருகுறது?" என்றான்.

"நீதான்."