வீட்டுத் தோட்டத்தில் பன்னீர்த் திராட்சையும், திராட்சைப் பெயர் தாங்கிய பிற செடிகளும்

திராட்சைக் கொடி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. கொடி மாடி வரை ஏறிவிட்டது, பந்தல் முழுவதையும் இலை மூடியிருக்கிறது, ஆனால் ஒரு கொத்துக்கூடக் காய்க்கவில்லை என்பார்கள். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிட்டால் கொடி மேலும் இலை விடுமே தவிரக் காய்க்காது. குறை பெரும்பாலும் கவாத்தில், அதாவது கொடியின் குச்சிகளை உரிய காலத்தில் வெட்டிவிடுவதில், இருக்கிறது.

குளிர்நாடுகளில் திராட்சை ஒவ்வோர் ஆண்டும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். குளிர் நீங்கியதும் முந்தைய பருவத்தில் முற்றிய குச்சிகளின் மொட்டுகள் உடைந்து, அவற்றிலிருந்து எழும் புதுத் தளிர்களில் பூங்கொத்து வெளிவரும். நம் சமவெளியில் அத்தகைய குளிர் கிடையாது. கொடி ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருந்து, நுனியிலேயே நீண்டுகொண்டு போகும். பனிக்காலம் அங்கே செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல்தான் செய்தாக வேண்டும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் இதைப் பல தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றிவைப்பதால்தான் அங்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை அவர்களுடையதே. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் இரகத்தையே நாம் பன்னீர்த் திராட்சை என்கிறோம்.

இரகமும் நாற்றும்

வீட்டுக்கு முதல் கொடியாகப் பன்னீரையே வைப்பது நல்லது. விதை உண்டு, தோலும் சற்றுத் தடிப்பு. ஆனால் நம் வெயிலுக்குப் பழகியது, எளிதாகக் காய்க்கும், மணமும் உண்டு. பெங்களூர் புளூ இதைவிட நோயைத் தாங்கும் என்றாலும் புளிப்பு மிகுதி, பழச்சாற்றுக்குப் பொருந்தும். கடையில் விற்கும் நீளமான பச்சை விதையில்லாத் திராட்சையைக் கண்டு ஆசைப்பட்டுத் தாம்சன் சீட்லெஸ் நாற்றை வாங்குபவர்கள், அந்தப் பருமன் ஜிப்ரலிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியில் கொத்துகளை நனைப்பதால் வருவது என்பதை அறிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் வீட்டில் காய்க்கும் தாம்சன் சிறுத்தே இருக்கும்.

விதையிலிருந்து முளைக்கவைத்த செடி தாயைப் போல் காய்க்காது. குச்சியிலிருந்து வேர்விட்டதையே நட வேண்டும். யாரேனும் கவாத்து செய்யும் நாளில் பென்சில் பருமனுள்ள, பழுப்பு நிறத்தில் முற்றிய குச்சிகளைக் கேட்டு வாங்கலாம். மூன்று அல்லது நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் அபாயம் இராது. இரண்டு கணு மண்ணுக்குள் இருக்க வேண்டும். தளிர் வந்தவுடனே வேரும் வந்துவிட்டது என்று நம்பிப் பிடுங்கக் கூடாது. குச்சியில் சேமித்த உணவைக் கொண்டே முதல் இலைகள் வந்துவிடும். வேர் பிறகுதான் வரும். ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டிய நாற்றைத் தேடி வாங்குவது பயன் தரும். உவரையும் வறட்சியையும் அது தாங்கும்.

நடவும் பந்தலும்

நாள் முழுவதும் வெயில் விழும் இடம் வேண்டும். மா, தென்னை நிழலில் கொடி வளரும், காய்க்காது. காரணம், மொட்டுக்குள் பூங்கொத்தின் கரு அது வெளிவருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உருவாகிறது. அப்போது அந்தக் குச்சியின் மேல் வெளிச்சம் படாவிட்டால் கருவுக்குப் பதிலாக, கொடி பற்றி ஏற உதவும் வெறும் பற்றுக்கம்பியே உருவாகும்.

தரையில் நடுவதானால் ஜூன், ஜூலை மாதங்களில், இரண்டு அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரத்தையும் சிறிது வேப்பம் புண்ணாக்கையும் கலந்து நிரப்பி நடலாம். களிமண் என்றால் மணல் சேர்த்து மண்ணை உயர்த்திக் கட்டுங்கள். வேரில் நீர் தேங்குவதைத் திராட்சை பொறுக்காது. பன்னீருக்குக் கொடிக்குக் கொடி 2 மீட்டர், வரிசைக்கு வரிசை 3 மீட்டர் இடைவெளியைத் தோட்டங்களில் கடைப்பிடிக்கிறார்கள். நட்ட அன்றும் மூன்றாம் நாளும் நீர் விட்டு, பிறகு வாரம் ஒரு முறை விட்டால் தரைச் செடிக்குப் போதும்.

மாடியில் வளர்ப்பவர்கள் 100 லிட்டர் கொள்ளளவுக்குக் குறைந்த தொட்டியில் வைக்க வேண்டாம். ஈர மண்ணுடன் அது 100 கிலோவைத் தாண்டும் என்பதால் தூணோ உத்தரமோ இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். தொட்டிக்குக் கோடையில் நாள்தோறும் நீர் வேண்டியிருக்கும்.

ஒற்றைத் தண்டை மட்டும் குச்சியில் கட்டி மேலேற்றி, பக்கவாட்டில் வருவனவற்றை எல்லாம் கிள்ளிவிட வேண்டும். சுமார் 2 மீட்டர் உயரத்தில் பந்தல் கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் கீழுள்ள மொட்டுகள் உடையும். எதிர் எதிர்த் திசையில் இரண்டு கிளைகளைத் தேர்ந்து கம்பியோடு படுக்கவைத்துக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் கிளை நுனியில் மட்டுமே வளரும். படுத்த கிளையின் நெடுகிலும் மொட்டுகள் உடையும். அவ்வாறு வரும் பக்கக் கிளைகளையும் ஓரளவு நீண்டதும் நுனி கிள்ளிப் பரப்பினால், அவற்றில் வரும் குச்சிகளே பின்னர் காய்ப்பவை. முதல் ஆண்டு இந்தச் சட்டகத்தை அமைக்கவே போய்விடும். அந்த ஆண்டில் தப்பித்தவறி ஒரு கொத்து வந்தாலும் கிள்ளி எறிய மனம் வேண்டும்.

கவாத்து

தமிழகத்தில் இரண்டு கவாத்துப் பருவங்கள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம். வீட்டுக் கொடிக்கு, குறிப்பாகச் சென்னை முதல் நாகை வரையிலான கடலோரத்தில், முதல் பருவத்தையே பரிந்துரைக்கிறேன். பூக்கும் காலமும் காய் வளரும் காலமும் மழையற்ற மாதங்களில் அமைவதால் பூஞ்சண நோய்கள் குறையும், பழத்தில் இனிப்பும் கூடும். செப்டம்பர், அக்டோபரில் வெட்டினால் துளிரும் பூவும் வடகிழக்குப் பருவமழையில் சிக்கிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன்பே தரைச் செடிக்கு நீரை நிறுத்த வேண்டும்; தொட்டிச் செடிக்கு அவ்வளவு நாள் தாங்காது, கொடி காய்ந்துவிடாத அளவுக்குக் குறைத்தால் போதும். பிறகு எஞ்சியிருக்கும் இலைகளை எல்லாம் உருவிவிட்டுக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்சில் பருமனும் பழுப்பு நிறமும் உடையது முற்றிய குச்சி. பன்னீரில் அதை அடியிலிருந்து நான்கு மொட்டு விட்டு, நான்காவது மொட்டுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். மெலிந்தவையும் பச்சையாக இருப்பவையும் இந்தப் பருவம் காய்க்கப் போவதில்லை. அவற்றை ஒன்று அல்லது இரண்டு மொட்டோடு நிறுத்தினால் அடுத்த பருவத்துக்கு நல்ல குச்சிகளாக எழும். பின்னிக் கிடப்பவை, பட்டுப்போனவை, பந்தலுக்குக் கீழே தொங்குபவை அனைத்தையும் அடியோடு நீக்கிவிடலாம். வேலை முடிந்த பிறகு பந்தலில் தண்டும் கிளையும் குட்டைக் குச்சிகளும் மட்டுமே எஞ்ச வேண்டும். பார்ப்பவர்கள் கொடி செத்துவிட்டது என்றே சொல்வார்கள். புதியவர்கள் இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். பாதி வெட்டிய கொடியில் நுனி மொட்டுகள் மட்டும் உடைந்து, பழையபடி இலைக்காடாகிவிடும்.

வெட்டுவாயிலிருந்து சில நாள் நீர் சொட்டினால் கலங்க வேண்டாம். அது வேரிலிருந்து ஏறும் நீர், தானே நிற்கும். தண்டில் உரிந்து தொங்கும் பழைய பட்டையைக் கையாலேயே உரித்து அப்புறப்படுத்துங்கள். இலைகளைச் சல்லடையாக்கும் உண்ணி வண்டு அதன் அடியில்தான் முட்டையிடும். வெட்டிய குச்சிகளையும் இலைகளையும் பந்தலடியில் விடக் கூடாது. பெருந்தோட்டங்களில் மொட்டு ஒருசேர உடைவதற்காக ஹைட்ரஜன் சயனமைடு பூசுவதுண்டு. அது கடும் நச்சு. வீட்டில் அதற்குத் தேவையே இல்லை.

கவாத்து முடிந்ததும் கொடியைச் சுற்றிக் கொத்திவிட்டுத் தொழு உரமிட்டு நீர் பாய்ச்சுங்கள். திராட்சைக்குச் சாம்பல் சத்தின் (பொட்டாஷ்) தேவை மிகுதி என்பதால் பொட்டாஷில் பாதியை இப்போதும், மீதியைச் சுமார் 60 நாள் கழித்தும் இடுவது வழக்கம்.

கொத்து வந்த பிறகு

புதுத் தளிரில் இலைகளோடு பூங்கொத்தும் சேர்ந்தே வெளிப்படும். தளிர் 12 முதல் 15 கணு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, இலைக்கக்கத்தில் எழும் துணைத் தளிர்களையும் பற்றுக்கம்பிகளையும் நீக்கினால் சத்து கொத்துக்குப் போகும். காய் பட்டாணி அளவில் இருக்கும்போது நெருக்கமான கொத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைச் சிறு கத்தரியால் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாத கொத்தில் உள்காய்கள் நசுங்கி, அங்கிருந்தே அழுகல் தொடங்கும். கொத்துகள் கம்பியின் மேல் கிடக்காமல் பந்தலுக்குக் கீழே தொங்கும்படி திருப்பிவிடவும் வேண்டும்.

நிறம் வந்தவுடன் பறிப்பது தவறு. மாம்பழம், வாழையைப் போலப் பறித்தபின் பழுக்கும் இயல்பு திராட்சைக்கு இல்லை. கொடியில் எவ்வளவு இனித்ததோ அவ்வளவுதான். கொத்தின் நுனியில் உள்ள பழமே கடைசியாக இனிக்கும் என்பதால் அதைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அறுவடைக்கு முந்தைய பத்து நாள் நீரைக் குறைத்தால் இனிப்பு கூடும், பழமும் வெடிக்காது. கிளிகளும் மைனாக்களும் நம்மைவிடத் துல்லியமாக நாள் பார்ப்பவை. நிறம் மாறத் தொடங்கும்போதே கொத்துகளைக் காகிதப் பையிலோ வலையிலோ மூடிவிடுவது உத்தமம். பழத்தின் மேல் படர்ந்திருக்கும் வெண்பூச்சு இயற்கையான மெழுகு. மருந்தின் எச்சம் என்று அஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் நாய் இருந்தால் உதிர்ந்த பழங்களை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நோய்களில் இரண்டைப் பிரித்தறிந்தால் பாதிக் கவலை தீரும். இலையின் மேல்புறம் மஞ்சள் திட்டும் அதற்கு நேர் கீழே வெண்பூஞ்சையும் தெரிந்தால் அடிச்சாம்பல் நோய். ஈரமான நாட்களில் வரும். இலையிலும் காயிலும் சாம்பலைத் தூவியது போல் இருந்தால் சாம்பல் நோய். மழையில்லாத, காற்றோட்டம் குறைந்த பந்தலில் வரும். பின்னதற்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 3 கிராம் கலந்து, வெயில் தணிந்த பிறகு தெளிக்கலாம். முன்னதற்கு ஒரு சத போர்டோ கலவை. 1880-களில் பிரான்ஸின் போர்டோ வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த அந்த மருந்தை வீட்டிலேயே செய்யலாம். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே ஆகும், உலோகம் ஆகாது. துருவில்லாத இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்கையில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். அன்றே பயன்படுத்திவிடுங்கள். பழம் முதிரும் காலத்தில் எந்த மருந்தும் வேண்டாம்.

பெயரில் மட்டும் திராட்சை

நாற்றங்கால்களில் மரத்திராட்சை என்று விற்கப்படும் ஜபோடிகாபா பிரேசில் நாட்டு மரம். நாவலுக்கும் கொய்யாவுக்கும் உறவு. தண்டிலும் தடித்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு கருநிறப் பழங்கள் காய்க்கும் காட்சி அழகுதான், பழமும் உண்ணச் சுவையானது. ஆனால் விதைக்கன்று காய்க்க எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம். உவர்நீரும் சுண்ணாம்பு மண்ணும் இதற்கு ஆகாது. இலைமக்கு நிறைந்த, ஈரம் காயாத மண்ணும் கோடையில் சற்று நிழலும் வேண்டும். பொறுமை குறைந்தவர்கள், விரைவில் காய்க்கும் சிவப்பு ஜபோடிகாபா என்னும் கலப்பினத்தைக் கேட்டு வாங்கலாம். பறித்த பழம் சில நாட்களிலேயே புளிக்கத் தொடங்கும்.

கடல் திராட்சை நேர்மாறானது. கரீபியக் கடற்கரைகளைச் சேர்ந்த இது உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும் என்பதால், வேறெதுவும் நிற்காத கடலோர மனைகளில் வேலி மரமாக வைக்கலாம். சிவப்பு நரம்போடிய வட்ட இலைகளுக்காகவே வளர்ப்பவர்கள் உண்டு. ஆண், பெண் மரங்கள் தனித்தனி. பழம் வேண்டுமானால் ஒன்றுக்கு மேற்பட்ட கன்றுகள் வையுங்கள். கொத்தில் உள்ளவை ஒரே நாளில் பழுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கும்.

வரவேற்பறைத் தொட்டிகளில் தொங்கும் கிரேப் ஐவி உண்மையாகவே திராட்சைக் குடும்பம். இன்னும் நெருக்கமாகச் சொன்னால் நம் பிரண்டையின் இனம். நேர்வெயில் படாத வெளிச்சமும், மண் காய்ந்தபின் நீரும் போதும். துவையலுக்கு ஆகும் பிரண்டையை ஒரு துண்டு ஒடித்து நட்டாலே வேலியெங்கும் படரும்போது, இதை விலை கொடுத்து வாங்குவது அலங்காரத்துக்கு மட்டுமே.

இணையக் கடைகளில் நீல மணிக்கொத்துப் படத்தோடு விற்கும் கிரேப் ஹையசிந்த் கிழங்குகளைச் சமவெளியில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். பூப்பதற்கு அவற்றுக்குப் பல வாரக் கடுங்குளிர் தேவை. குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து ஒரு முறை பூக்கவைக்க இயலும். அடுத்த ஆண்டு அந்தக் கிழங்கு பெரும்பாலும் இராது. ஊட்டி, கொடைக்கானலில் வீடு உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.