ஸ்டாட்டிக் போடும் முன் ஃபீல்டைப் பாருங்கள்

ஜாவாவில் ஒரு மெத்தடை எழுதி முடித்ததும் நான் முதலில் பார்ப்பது, அது ஆப்ஜெக்டின் ஃபீல்டு, அதாவது ஆப்ஜெக்ட் தனக்குள் வைத்திருக்கும் மதிப்பு, எதையாவது தொடுகிறதா என்பதைத்தான். தொட்டால் அது ஆப்ஜெக்ட் வழியாக அழைக்கும் இன்ஸ்டன்ஸ் மெத்தட், பேச்சே இல்லை. 'லெங்த்' என்றால் எந்த ஸ்ட்ரிங்கின் நீளம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 'மேத்.மேக்ஸ்' அப்படியல்ல: இரண்டு எண்கள் போதும், ஆப்ஜெக்ட் வேண்டாம். அது ஸ்டாட்டிக், கிளாஸின் பெயரிலேயே அழைக்கலாம்.

ஆனால் ஃபீல்டைத் தொடவில்லை என்பதற்காக மட்டும் ஸ்டாட்டிக் போட்டுவிடாதீர்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். பில்லிங் புரோகிராமில் தள்ளுபடி கணக்கிடும் மெத்தடை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எல்லோருக்கும் 5 சதவீதம். நாளை மொத்த வியாபாரிக்குத் தனி விதி வரும். ஸ்டாட்டிக் மெத்தடை சப்கிளாஸில் ஓவர்ரைடு செய்ய, அதாவது அதன் இடத்தில் வேறு விதியை ஓட வைக்க, முடியாது. அங்கே அதே பெயரில் இன்னொரு ஸ்டாட்டிக் மெத்தட் எழுதினால் கம்பைலர் தடுக்காது. ஆனால் எது ஓடும் என்பதை ஆப்ஜெக்ட் முடிவு செய்யாது, வேரியபிளின் டைப்தான் முடிவு செய்யும். தவறான தொகை சத்தமில்லாமல் பில்லில் ஏறும். விதி மாறக்கூடிய கணக்கென்றால் இன்டர்ஃபேஸ் (மெத்தடின் பெயரை மட்டும் சொல்லி, விதியை ஒவ்வொரு கிளாஸிடமும் விடுவது) வைத்து இன்ஸ்டன்ஸ் மெத்தடாகவே எழுதுங்கள்.

தேதியிலும் இதே கவனம் தேவை. தவணை தாமதத்தைக் கணக்கிடும் மெத்தடுக்குள் இன்றைய தேதியைத் தரும் ஸ்டாட்டிக் மெத்தடான 'லோக்கல்டேட்.நவ்' என்று நேரடியாக அழைத்தால், பிப்ரவரி 29-ஐ டெஸ்ட் செய்வது பெரும்பாடு. ஜாவா 8-இல் வந்த, நேரத்தைத் தரும் 'கிளாக்' ஆப்ஜெக்டை கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்து 'நவ்'-க்கு அனுப்புங்கள், டெஸ்டில் 'கிளாக்.ஃபிக்ஸ்ட்' வைத்து எந்த நாளையும் நிறுத்திவைக்கலாம்.