தனி ஆளாக வீடியோ கேம் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பாதியில் நின்றுபோகும் கேம்கள் பெரும்பாலும் புரோகிராம் எழுதத் தெரியாததால் நிற்பதில்லை. டிசைன், புரோகிராமிங், ஓவியம், டெஸ்டிங், விளம்பரம் எல்லாம் ஒரே தலையில் விழுகின்றன. எதை எப்போது முடிப்பது என்று எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை. அதை எழுதி வைப்பது டீமில் ஒரு மேனேஜர் செய்யும் வேலை. 'நான் ஒருத்தன்தானே' என்று அதை விட்டுவிடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். 2016 பிப்ரவரியில் அது வெளிவந்தபோது மல்டிபிளேயர், அதாவது பலர் சேர்ந்து விளையாடும் வசதி, கிடையாது. 2018இல்தான் அது சேர்ந்தது. அதன் நெட்வொர்க் வேலைக்கு அப்போது வெளியீட்டாளராக இருந்த சக்கிள்ஃபிஷ் நிறுவனம் கைகொடுத்தது. முதல் கேமிலேயே ஆன்லைன் மல்டிபிளேயர் வைக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஸ்கோப்பை, அதாவது கேம் எவ்வளவு பெரியது என்பதை, மனக்கணக்காகப் போடாதீர்கள். ஒரே ஒரு லெவலை படம், ஒலி, மெனு, சேவ் எல்லாவற்றோடும் முழுசாக முடியுங்கள். அதற்கு மூன்று வாரம் பிடித்தால் 20 லெவலுக்கு 60 வாரம். பழகப் பழக வேகம் கூடும்தான். ஆனால் பக் (பிழை) திருத்துவது அந்த நேரத்தைத் தின்றுவிடும். ஆறு மாதம்தான் கையில் இருக்கிறது என்றால் லெவல் எண்ணிக்கையில் கை வையுங்கள். வேலைப் பட்டியலிலும் 'எதிரி ஏஐ' என்று எழுதினால் அது ஒருநாளும் முடியாது. 'எதிரி சுவரில் முட்டினால் திரும்ப வேண்டும்' என்று எழுதினால் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

தன் கணினியில் மட்டுமே ஓட்டிப் பார்ப்பது இன்னொரு பழக்கம். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) 0.1 யூனிட் தூரம் நகரும்படி எழுதிவிட்டால், வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் மானிட்டரில் பாத்திரம் வினாடிக்கு 6 யூனிட் போகும். 144 ஃப்ரேம் மானிட்டரில் 14.4 யூனிட் பறக்கும். ஒரு வினாடிக்கான வேகத்தை டெல்டா டைமால் (முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்கினால் இது தீரும். இயற்பியல் சார்ந்த நகர்வை ஃபிக்ஸ்டு அப்டேட் என்ற ஃபங்ஷனில் வையுங்கள். அது இயல்பாக 0.02 வினாடிக்கு ஒருமுறை ஓடும். ஆனால் ஜம்ப் பட்டன் அழுத்தப்பட்டதா என்பதை அதற்குள் பார்க்காதீர்கள். அது ஓடாத ஃப்ரேமில் அழுத்தியது பதிவாகாது, 'சில நேரம் குதிக்கவே மாட்டேங்குது' என்று புகார் வரும்.

சேவ் ஃபைலில் முதல் நாளிலேயே ஒரு பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். அது இல்லாமல் அப்டேட் விட்டால் பழைய சேவ் எது, புதியது எது என்று கேமுக்குத் தெரியாது.

தனி ஆளுக்கு கிட் (ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் ஒருநாள் பதில் சொல்லும். யூனிட்டியின் லைப்ரரி ஃபோல்டரை கிட்டில் சேர்க்காமல் விலக்கிவிடுங்கள், அது தானாக மறுபடி உருவாகும். யூனிட்டி உருவாக்கும் மெட்டா ஃபைல்களைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள், அதாவது கிட்டில் பதிவுசெய்யுங்கள். படம், ஒலி போன்ற ஒவ்வொரு அசெட்டின் அடையாள எண்ணும் அவற்றில்தான் இருக்கிறது. அவை விடுபட்டால் வேறு கணினியில் திறக்கும்போது புது எண்கள் உருவாகி, இணைப்புகள் அறுந்துபோகும். கிட் ஃபைல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. பெரிய ஒலி, பட ஃபைல்களுக்கு எல்எஃப்எஸ் என்ற கிட்டின் துணைக் கருவி தேவை.

கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் கடைசி வாரத்தில் ஓடிப்போய் நிற்காதீர்கள். கேமுக்கான கட்டணம் 100 டாலர் கட்டிய பிறகு, வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது தெரிந்திருக்க வேண்டும். ஸ்டோர் பக்கம், பில்ட் (ஓட்டத் தயாரான கேம் ஃபைல்) இரண்டின் பரிசோதனைக்கும் தனித்தனியாகச் சில வேலை நாள் போகும். இதெல்லாம் விதிப்படியான குறைந்தபட்சம். வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் சேர மாதக்கணக்கில் ஆகும். ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்பு, அரைகுறை டெமோவோடு அதை வீணாக்காதீர்கள். 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் நல்ல பகுதிகளை மூன்றாவது மணிக்கு ஒளித்துவைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

இரண்டாவது ஆள் சேரும்போது வேறு வகைத் தவறுகள் வருகின்றன. யூனிட்டியில் ஒரே சீனை (கேமின் ஒரு காட்சி ஃபைல்) இருவர் ஒரே நாளில் திருத்தினால், இரண்டு திருத்தங்களையும் ஒன்றாக மெர்ஜ் செய்வது பெரும்பாடு. சீனைச் சிறு பிரிஃபேப்களாக (தனி ஃபைலாகச் சேமிக்கும் பகுதிகள்) உடையுங்கள். யார் எதைத் திறந்திருக்கிறார் என்பதைச் சாட்டில் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கருத்து மோதினால் இசையில் கடைசி முடிவு யாருடையது, கன்ட்ரோலில் யாருடையது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்தானே என்று வாய்ப்பேச்சோடு இசை வாங்குவது இவற்றில் மோசமானது. இந்தியப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 19இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகம் முழுக்க விற்கும் கேமுக்கு அது போதாது. வருமானப் பங்கு என்றால், ஸ்டீம் எடுக்கும் 30 சதவீதமும் ரீஃபண்டும் வரியும் போன பிறகு வரும் தொகையிலா அதற்கு முன்பா, பாதியில் விலகினால் எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.