நிலாவெளி வீதியில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்களா?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 50இல் போனால் 18 நிமிடம், 70இல் போனால் 13. மிச்சம் பிடிப்பது 5 நிமிடம்தான்.

சரி, வழியில் உப்புவெளியில் ஒரு பிள்ளை சைக்கிளோடு திடீரென வீதிக்கு வருகிறது என்று வையுங்கள். 50இல் வந்த கார் பிள்ளைக்குச் சற்று முன்னால் நின்றுவிடும் தூரத்தில், 70இல் வந்த கார் 55க்கும் மேலான வேகத்தோடு மோதும். இரண்டு சாரதிகளும் ஒரே இடத்தில் கண்டு பிரேக் பிடித்திருந்தாலும் இதுதான் நிலை. நடந்து போகிறவரை மோதும் வேகம் 50இலிருந்து 65 ஆனாலே சாவு ஆபத்து 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே வீதியோரம் மாடோ, நிற்கும் பஸ்ஸோ தெரிந்தால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்களா? ஒதுங்கி வழி விடுங்கள், போகட்டும்.