சைஃபரில் இரண்டு உறவுகளை ஒரே வினவலில் தேட
நியோ4ஜே என்பது தரவுகளையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் சேமிக்கும் தரவுத்தளம்; சைஃபர் அதன் வினவல் மொழி. அதில் நடிகர் டாம் ஹாங்க்ஸ் நடித்த படங்கள், இயக்கிய படங்கள் இரண்டும் வேண்டுமா? தனித்தனி வினவல் எழுதி ஒட்டவைக்க வேண்டாம். உறவின் சதுர அடைப்புக்குள் [:நடித்தார்|இயக்கினார்] என நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். முக்காற்புள்ளி (:) முதலில் ஒருமுறைதான்.

கவனம், அந்தக் கோட்டுக்கு ‘அல்லது’ என்றுதான் பொருள். 1996இல் வந்த ‘தட் திங் யூ டூ!’ படத்தை அவரே இயக்கி நடித்ததால், அது இரண்டு வரிகளாக வரும். படப் பெயர் ஒருமுறை வந்தால் போதுமென்றால் முடிவைக் கேட்கும் ரிட்டர்ன் (RETURN) என்ற சொல்லுக்குப் பின் டிஸ்டிங்க்ட் (DISTINCT) சேருங்கள். எந்த உறவு என்று தெரிய, உறவுக்கு ஒரு மாறி கொடுத்து, உறவின் வகையைச் சொல்லும் டைப்() (type()) செயற்கூற்றால் கேளுங்கள்.

சரி, நடித்து இயக்கியும் இருக்கும் படங்கள் மட்டும் வேண்டுமென்றால்? அப்போது கோடு உதவாது. தேட வேண்டிய அமைப்பைச் சொல்லும் ஒரே மேட்ச்சில் (MATCH) இரு உறவுகளையும் தனித்தனியாக எழுதி, நடுவே காற்புள்ளி இடுங்கள்.