மகளிர் குழு வழியாகக் கடன் பெறும்முன் செய்ய வேண்டியவை

குழு தொடங்கியவுடன் "கடன் எப்போது வரும்?" என்று கேட்கத் தோன்றுவது இயல்பே, ஆயினும் முதல் ஆறு மாதங்களுக்குச் சேமிப்பிலும் கணக்கிலுமே கருத்தைச் செலுத்துவது நல்லது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்களும், 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கச் சோதனையாகத் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டமும் சேமிப்பையே அடித்தளமாகக் கொண்டன.

ஒரே தெருவில் அல்லது அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும், ஒருவர் வீட்டு நிலைமையை மற்றவர் அறிந்த 12 முதல் 20 பெண்கள் சேர்வது வசதி. குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும்.

15 பேர் மாதம் 200 ரூபாய் கட்டினால், ஆறு மாதத்தில் 18,000 ரூபாய் சேரும். அதை வங்கியிலேயே முடக்கி வைக்காமல், மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற தேவைகளுக்கு உறுப்பினர்களுக்கே உள்கடனாகக் கொடுத்து வாங்க வேண்டும். இந்த உள்கடனுக்கு மாதம் 2 சதவீத வட்டி என்றால் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வட்டி தண்டல்காரரிடம் போகாமல் குழுவின் பணமாகவே பெருகுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தேதி தவறாமல் பதிவேட்டில் எழுதி வந்தால், பின்னர் வங்கிக் கடன் கேட்கும்போது மேலாளரிடம் காட்ட வேறு சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த ஒருவரிடமே எல்லாப் புத்தகங்களையும் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடும் வழக்கம்தான் பிற்காலச் சண்டைகளுக்கு வித்தாகிறது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வங்கியானாலும் நுண்கடன் நிறுவனமானாலும், வட்டி எதன்மீது கணக்கிடப்படுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். 12,000 ரூபாயை 12 மாதத்தில் திருப்பிக் கட்ட, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத் தொகைக்கே கடைசிவரை வட்டி போட்டால் மொத்த வட்டி 1,440 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் அசல் குறையக் குறைய மீதிக்கு மட்டும் போட்டால் 780 ரூபாய்தான். சதவீதம் ஒன்றே, தொகைதான் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது! செயலாக்கக் கட்டணமும் காப்பீடும் பிடித்தபின் கைக்கு வருவது எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

2022-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படுவதே நுண்கடன். அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்பதே என் கணிப்பில் மிக அதிகம். கூலி வேலை மழைக்காலத்தில் நின்றுவிடும் வீடுகளில் மிகக் குறைந்த வருமானம் வரும் மாதத்தை வைத்தே தவணையை முடிவு செய்ய வேண்டும். ஒரு கடனின் தவணைக்காக இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்குவதை அறவே தவிர்க்கவும்.

தவணை தவறினாலும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைப்பதையும், மிரட்டுவதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. அத்தகைய தொந்தரவு நேர்ந்தால், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கடன் கொடுத்தவர்கள் தந்த கடன் விவர அட்டையிலுள்ள குறைதீர்ப்பு எண்ணில் முதலில் புகார் செய்யவும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.